அமானிதமாக வந்த அறிவு

ஒரு மனிதனின் உடலிலிருந்து பெறப்பட்ட அறிவு யாருக்குச் சொந்தம்? ஒருவர் நம்பி ஒப்படைத்த பணமும் நகையும் அமானிதம் என்று மத்ரஸாப் பருவத்திலேயே நமக்குச் சொல்லித் தந்துவிடுகிறார்கள். அவர் ஒப்படைத்தது தன் இரத்தமாகவும் தன் குடும்பத்தின் இரகசியமாகவும் இருந்தால் அதற்கு என்ன பெயர்? வைத்திய ஆய்வுகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை அலைக்கழிப்பதுண்டு. வளர்ச்சி ஓமோன் குறைபாடு பற்றிய ஆய்வுகளின் கதை அதனை இன்னும் கூர்மையாக்கியது. ஏனெனில் அந்தக் கதைக்குள் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

1996இல் இந்திய முஸ்லிம் குடும்பமொன்றைச் சேர்ந்த இரு பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. உறவுக்குள் நடந்த திருமணங்களில் பிறந்த அவர்கள் வளராமற் போனதன் காரணத்தை ஒரு பரம்பரையலகின் விகாரத்தில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சிறிது காலத்தில், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஒரே வம்சத்தைச் சேர்ந்த 18 பேரிடம் அதே விகாரம் காணப்பட்டது. அவர்களுள் வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 130 சென்ரிமீற்றர். 1998இல் பிரான்ஸில் பணியாற்றிய ஆய்வாளர்கள், இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பமொன்றிலும் அதே விகாரத்தைக் கண்டார்கள்.

நடந்தது இதுதான். மூளையின் அடிப்பாகத்திலுள்ள பரிவகக்கீழ் ஒரு ஏவலை அனுப்புகிறது. கபச்சுரப்பியிலுள்ள ஒரு வாங்கி அதைப் பெற்றுக்கொண்டால்தான் வளர்ச்சி ஓமோன் சுரக்கும். அந்த வாங்கி 423 அமினோ அமிலங்களால் கோக்கப்பட வேண்டிய ஒரு புரதம். இந்தக் குடும்பங்களில் ஓர் எழுத்து மாறியதனால் 72ஆவது இடத்திலேயே 'நிறுத்து' என்ற கட்டளை விழுந்துவிடுகிறது. வாங்கி உருவாவதில்லை, ஏவல் வருகிறது, கேட்பதற்கு ஆளில்லை. அறிவில் குறைவில்லை, உடலின் அளவமைப்பில் கோணலில்லை. உயரம் மட்டும் நின்றுவிடுகிறது.

இந்திய முஸ்லிமிடமும் சிந்து மாகாணத்தவரிடமும் இலங்கைத் தமிழரிடமும் இருப்பது ஒரே எழுத்துப் பிழை. நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த ஒரே முன்னோரிடமிருந்து அது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யார் யாருடைய மண்ணுக்கு உரியவர் என்ற வாதம் இங்கே உச்சத்திலிருந்த அந்தப் பத்தாண்டிலேயே, எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் நம் எல்லோருடைய இரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் இருந்து ஒரே சேதியைச் சொல்லியிருக்கிறது.

இந்த அறிவு தந்த முதல் நன்மை, பழியைக் கழுவியதுதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்த வீடுகளில், பிள்ளை கட்டையாக இருந்தால் முதற் குற்றவாளி உம்மாதான். வயிற்றில் இருக்கும்போது ஒழுங்காகச் சாப்பிடவில்லை, பால் போதவில்லை, அவளுடைய வம்சமே கட்டை என்று காரணங்கள் அடுக்கப்படும். இந்த விகாரமோ வாப்பாவிடமிருந்து ஒரு பிரதியும் உம்மாவிடமிருந்து ஒரு பிரதியுமாக இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்படும். இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமி மகளையும் சாச்சா மகளையும் மணப்பதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்பவர்கள் இந்தக் கணக்கையும் அறிந்து முடிவெடுப்பது நல்லது. அதைச் சொல்வது எவரையும் இழிவுபடுத்துவதாகாது.

ஆனால் இந்த அறிவைத் தந்தவர்களுக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம்? 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கி பிரகடனம் 2000ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு உட்பட்ட நோயாளிகளுக்கு அந்த ஆய்வு நிரூபித்த சிறந்த சிகிச்சை கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. அமானிதத்தைப் பற்றிய நம் புரிதலுக்கு மிக நெருக்கமான விதி அது. காகிதத்தில் எழுதுவது இலகு. வளர்ச்சி ஓமோன் ஊசி பல ஆண்டுகள் தொடர வேண்டியது. வழக்கமாக ஒவ்வோர் இரவும் போட வேண்டியது. சாதாரண குடும்பமொன்று தனியாகச் சுமக்க முடியாத விலையுடையது. 2021இல் ஐக்கிய அமெரிக்கா வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பிள்ளைகளுக்கு அனுமதித்தது. வலி குறையும், விலை என்னும் சுவர் அப்படியே இருக்கும்.

இந்தக் கடன் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1958இல் மோரிஸ் ரேபன் என்ற அமெரிக்க வைத்தியர், இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஓமோனால் ஓர் இளைஞன் வளர்ந்ததை அறிவித்தார். விலங்குகளின் வளர்ச்சி ஓமோன் மனிதனில் வேலை செய்யாது என்பதால், பிணவறைகளே மருந்தின் ஊற்றாயின. 1963 முதல் 1985 வரை ஐக்கிய அமெரிக்காவின் அரச திட்டத்தில் மாத்திரம் ஏறத்தாழ 7,700 பேர் இம்மருந்தைப் பெற்றனர். சில நாடுகளில் உறவினர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமலே சுரப்பிகள் எடுக்கப்பட்டன. 1985இல், இந்த ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் குரொய்ஸ்பெல்ட் – ஜேக்கப் என்ற மூளைச் சிதைவு நோயால் இறந்தது தெரியவந்தது. பிரான்ஸில் இறந்தவர்களின் தொகை பின்னர் நூறைத் தாண்டியது. அங்கே நடந்த நீண்ட வழக்கில் 2009இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 1985இலேயே பக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்பட்ட ஓமோனுக்கு அனுமதி கிடைத்தது. இன்று ஒரு பிள்ளை அச்சமின்றிப் போட்டுக்கொள்ளும் ஊசியின் பின்னால், கேட்கப்படாத ஜனாஸாக்களும் இடையில் முடிந்துபோன இளம் உயிர்களும் இருக்கின்றன.

இப்படிப் பெற்ற மருந்தை யாருக்கு முதலில் கொடுப்பது? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1988இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஓமோன் குறைபாடு இல்லை. கட்டையாக மட்டும் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஓமோன், மறு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி, வாரத்துக்கு மூன்று தடவை, ஆண்டுக்கணக்கில். நோயில்லாத பிள்ளைக்கு வெற்று ஊசி போடுவது நியாயமா என்று 1992இல் அங்கே பெரும் சர்ச்சை எழுந்தது. 2004இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்த மேலதிக உயரம் 3.7 சென்ரிமீற்றர். அம்முடிவு முழுமையாக வெளியாகும் முன்பே, 2003இல், காரணம் தெரியாத குள்ளத்துக்கும் இம்மருந்தைக் கொடுக்க அந்நாடு அனுமதித்துவிட்டது. வளர்ந்தபின் ஐந்தடி மூன்று அங்குலத்தை எட்ட மாட்டார்கள் எனக் கணிக்கப்படும் பையன்கள் அந்த அளவுகோலுக்குள் வந்தார்கள். அந்த உயரத்துக்குக் கீழே உள்ள ஆண்களை காலி வீதியில் ஒரு மாலைப்பொழுதில் எண்ணிப் பார்த்தால் அளவுகோலின் விசித்திரம் விளங்கும்.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது கூடாது என்ற எச்சரிக்கையை இவ்விடத்தில் சிலர் நினைவூட்டுவார்கள். மருத்துவம் செய்துகொள்ளத் தூண்டும் நபிமொழிகளை வேறு சிலர் முன்வைப்பார்கள். இரண்டுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓமோன் சுரக்காத பிள்ளைக்கு இழப்பு உயரம் மட்டுமல்ல. கைக்குழந்தைப் பருவத்தில் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், தசை வலுவடையாது, கொழுப்பு கூடும். அதற்கு ஊசி போடுவது, இன்சுலின் இல்லாதவருக்கு இன்சுலின் கொடுப்பதைப் போன்றது. உடல் தர வேண்டியதைத் தராதபோது இட்டு நிரப்புவது படைப்பை மாற்றுவதாகாது. ஆரோக்கியமான பிள்ளையைக் கலியாணச் சந்தைக்காக இரண்டு அங்குலம் உயர்த்துவது வேறு விஷயம். எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் வரிசையில் கடைசிப் பிள்ளை ஒன்று இருந்துகொண்டுதான் இருக்கும். மாற வேண்டியது அந்தப் பிள்ளையைப் பார்க்கும் நம் கண்.

கட்டையாக இருப்பதனாலேயே கேலிக்குள்ளாகும் பிள்ளையின் துயரம் பொய்யா என்று கேட்கலாம். பொய்யல்ல. ஆனால் அந்தத் துயரத்தை உண்டாக்கியவர்கள் நாம். நாம் உண்டாக்கியதை ஊசியால் தீர்க்கப் பார்ப்பது, குற்றவாளியை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவனுக்குத் தண்டனை கொடுப்பதாகும்.

உண்மையாகவே மருந்து தேவைப்படும் பிள்ளையோ நம் கண்ணில் படுவதில்லை. பள்ளிவாசல்களில் இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரகத்துக்கும் பணம் சேர்க்கிறோம். அது நல்ல காரியம். இந்தப் பிள்ளை சாகக் கிடக்கவில்லை, எனவே பட்டியலில் இல்லை. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஊசிப் பேனை குளிர்சாதனப் பெட்டியில் காய்கறிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. தாத்தாவின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தம்பியின் மருந்தை மாப்பிள்ளை வீட்டார் காணக் கூடாது. 2022இல் மின்சாரம் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்றபோது, அந்தப் பேனைக்காக அயலில் ஐஸ் கேட்கக்கூட அவர்களால் முடியவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

இந்தக் கடனுக்குத் தவணை உண்டு. எலும்பின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் பருவமடைந்த சில ஆண்டுகளில் மூடிவிடும். அதன்பின் எவ்வளவு பணம் சேர்த்தாலும் ஓர் அங்குலம் வாங்க முடியாது. நமது நாட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் சுகாதார விருத்திப் பதிவேடு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. தடுப்பூசி முடிந்ததும் அலுமாரிக்குள் போடும் அந்தப் புத்தகத்தைப் பாடசாலைப் பருவத்திலும் எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுவரில் நிறுத்தி அளந்து பார்க்கலாம். கட்டையாக இருப்பது அடையாளமல்ல. கோடு தன் பாதையை விட்டுச் சரிந்துகொண்டே போவதுதான் அடையாளம். இந்த ஓமோன் பெரும்பாலும் தூக்கத்தில் அலை அலையாகச் சுரப்பதால், ஓர் இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரியாது. சுரப்பைத் தூண்டிப் பல தடவை இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த சிறுவர் ஓமோன் நிபுணர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

யாரோ சில குடும்பங்கள் தம் இரத்தத்தையும் தம் வீட்டு இரகசியத்தையும் தந்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. அவர்களை நாம் ஒருபோதும் சந்திக்கப் போவதில்லை. அமானிதத்தைத் தந்தவரைக் காண முடியாதபோது, அவருடைய வாரிசிடம் அதை ஒப்படைப்பதே முறை. வளராமல் நின்ற ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாரிசுதான்.