காத்தவன் கணக்கு

உயிரைக் காப்பது நல்லறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், காத்த பின்னர் என்ன என்னும் கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. ஓர் உயிரை அழிவிலிருந்து மீட்ட அந்தக் கணத்திலேயே அறம் நிறைவெய்திவிட்டது என்று மனம் மகிழ்ந்துவிடுகிறது. அந்த மகிழ்ச்சி சரிதானா? இதனை ஆராய்வதற்குப் பெரிய நிகழ்ச்சி எதுவும் வேண்டியதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஒரு கண்ணாடித் தொட்டியே போதும்.

தங்கமீன் வளர்ப்பு இன்று பரவலாகிவிட்டது. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பையே குடும்பத் தொழிலாகக் கொண்டோர் ஏராளம். நார்த்தாமலை போன்ற சிற்றூர்களிலும் பிள்ளைகள் அத்தாவிடம் அடம்பிடித்து ஓரிரு மீன்களை வாங்கி வந்துவிடுகின்றனர். பெயர் தங்கம் என்றாலும் குலத்தால் அது கெண்டை இனமே. சீன நாட்டில் சோங் மரபினர் ஆண்ட காலத்தில் (960-1279) பொன்னிறம் காட்டிய மீன்களைத் தேர்ந்தெடுத்துத் தோட்டக் குளங்களில் தனியே வளர்த்தனர். பதினேழாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவை அடைந்தது. ஆக, இது மனிதன் தன் கண்ணின் விருப்பத்திற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து உருவாக்கிய உயிர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இனப்பெருக்கப் பருவம் வந்ததும் ஆண்மீனின் செவுள் மூடிகளிலும் முன்துடுப்புகளிலும் சிறு வெண்புள்ளிகள் அரும்பும். நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் விடியற்பொழுதில் ஆண் பெண்ணை விடாது துரத்தும். பெண்மீன் பாசியின்மேல் முட்டைகளைச் சிதறிச் செல்லும். ஓர் ஈட்டில் சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். குண்டூசித் தலையளவே உள்ள அவை பசைபோல் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் நடப்பதுதான் பிள்ளைகளைத் திடுக்கிட வைக்கிறது. இட்ட தாயும், உடனிருந்த தந்தையும் திரும்பிவந்து அம்முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன!

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் இதைக் கண்டுவிட்டு, "அசரத், பெற்ற தாயே தின்னலாமா? அதற்குக் குற்றமில்லையா?" என்று கேட்டான். சிறுவனின் கேள்விதான், எனினும் சிறிய கேள்வியன்று.

நம் கண்மாய்களில் விரால் மீனைப் பார்த்திருப்பீர்கள். குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய் மேலே மிதக்க, பெற்ற மீன்கள் அருகிருந்து காவல் காக்கும். அண்டி வருவதைக் கடிக்கவும் தயங்கா. தங்கமீனுக்கோ இந்தக் காவல் அருளப்படவில்லை. அதற்கு அருளப்பட்டது எண்ணிக்கை. விரால் காத்து வாழ்கிறது; தங்கமீன் பெருக்கி வாழ்கிறது. இரண்டும் படைத்தவன் வகுத்த வழிகளே. நன்மை தீமைக் கட்டளை அறிவுடையோர் மீதே சுமத்தப்படும் என்பது நம் உலமாக்கள் கண்ட அடிப்படை. அகல் இல்லாத இடத்தில் தக்லீஃப் இல்லை. தக்லீஃப் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை. எனவே அந்தத் தாய்மீனைப் பழிப்பது பொருந்தாது.

அப்படியானால் அத்தொட்டியில் பொறுப்பாளர் எவருமே இல்லையா? இருக்கிறார். தொட்டியை வைத்தவர்!

குளத்திலும் மீன் முட்டையைத் தின்னத்தான் செய்யும். ஆனால் அங்கே அடர்ந்த பாசி உண்டு. கோரையின் வேர் உண்டு. நீரின் பரப்பு உண்டு. தின்றது போக ஒளிந்தது பிழைக்கும. நாமோ நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் வெறும் கூழாங்கல்லைப் பரப்பி, ஒளிவிடம் அனைத்தையும் நீக்கிவிட்டோம். குளம் செய்துவந்த காவலை நாம் பறித்தோம். ஆகவே அந்தக் காவல் நம் கடமையாகிவிட்டது.

இது புதிதாகப் புனைந்த தத்துவமன்று. சுல்தானுல் உலமா எனப் போற்றப்பட்ட இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 660, கி.பி. 1262) தமது 'கவாஇதுல் அஹ்காம்' எனும் நூலில், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மூப்பாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் உணவளிக்க வேண்டும்; பருவத்தில் ஆணையும் பெண்ணையும் சேரவிட வேண்டும்; தன்னினமாயினும் பிற இனமாயினும், தீங்கிழைக்கும் உயிருடன் சேர்த்து அடைக்கக் கூடாது என்பவை அவற்றுட் சில. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆடுமாடுகளை எண்ணி எழுதப்பட்ட விதி, இன்றைய மீன்தொட்டிக்கும் எத்துணைப் பொருத்தமாய் அமைகிறது!

காக்கும் முறையும் கடினமன்று. தொட்டியில் பாசிக் கொத்தையோ நைலான் நூற் கொத்தையோ முன்கூட்டியே இட்டு வைக்கலாம். முட்டை ஒட்டியதும் அக்கொத்தை எடுத்து, அதே வெப்பமுள்ள தூய நீர் நிறைந்த வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம். வெளுத்துப் போன முட்டைகள் கருவற்றவை. பூஞ்சை பிடித்து மற்றவற்றையும் கெடுக்குமாதலால் அவற்றை நீக்க வேண்டும். நம் வெப்பத்தில் பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களில் குஞ்சு பொரிக்கும். முதல் இரண்டு நாட்கள் குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தம்முடன் கொண்டுவந்த கருவுணவிலேயே வாழும். நீந்தத் தொடங்கிய பிறகு, அவித்த கோழிமுட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி நீரில் பிழிந்து, மிகச் சிறிதளவு ஊட்டலாம். மிஞ்சினால் நீர் கெடும்.

இதுவரை எல்லாம் இனிமையே. இனிமேல்தான் கணக்கு.

ஐந்நூறு முட்டைகளைக் காத்தோம். முந்நூறு குஞ்சுகள் பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். இந்த முந்நூறையும் எங்கே வைப்பது? மீனின் கழிவில் அம்மோனியா உண்டு. நெரிசல் மிகுந்தால் அதுவே நஞ்சாகும். குஞ்சுகள் பிறந்தவுடன் பொன்னிறமாகவும் இரா. மங்கிய நிறத்தில் பிறந்து, மாதங்கள் சென்ற பிறகே நிறம் மாறும். சில மாறுவதே இல்லை. மாறாதவற்றை என்ன செய்கிறோம்? நல்ல பராமரிப்பில் தங்கமீன் நெடுநாள் வாழும். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. நம் பிள்ளைகளின் ஆர்வமோ ஒரு விடுமுறையைத் தாண்டுவதில்லை!

"மிஞ்சியதைக் கண்மாயில் விட்டுவிடலாமே" என்பர் சிலர். கூடாது. விடப்பட்ட தங்கமீன் பிழைத்தால் பெருத்து, அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி, நீர்ச்செடிகளைப் பெயர்க்கும். 2021 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பர்ன்ஸ்வில் நகராட்சி, ஏரியில் பிடிபட்ட பெரிய தங்கமீன்களை மக்களுக்குக் காட்டி, வளர்ப்பு மீன்களை நீர்நிலைகளில் விடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டது. நார்த்தாமலைப் பாறைச் சுனைகளும் அடிவாரக் கண்மாய்களும் அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களின் வீடுகள். ஓர் உயிருக்குக் காட்டும் இரக்கம் பல உயிர்களுக்கு இழைக்கும் அநீதியாகிவிடலாகாது.

பூனையை அடைத்து வைத்துக் கொன்ற பெண்ணின் வரலாற்றை அறியாதார் யார்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை எடுத்துரைத்தபோது, அவள் அதற்கு உணவும் தரவில்லை, பூமியில் தானே இரைதேட விடவுமில்லை என்று இரண்டையும் சுட்டினார்கள். ஓர் உயிரை அடைத்தவருக்கு இரண்டு வாசல்கள் உள்ளன: ஒன்று ஊட்டுவது, மற்றது விடுவிப்பது. பூனைக்கு இரண்டும் திறந்திருந்தன. தங்கமீனுக்கோ இரண்டாம் வாசல் மூடப்பட்டுவிட்டது. இந்த மண் அதன் மண்ணன்று. மனிதன் தன் தொட்டிக்கென ஆக்கிக்கொண்ட உயிர் அது. விடுவிக்க வழியில்லை என்றால், ஊட்டும் கடமை முழுவதும் நம் கழுத்திலேயே வந்து விழுகிறது.

"அப்படியானால் முட்டைகளைத் தின்னவே விட்டுவிடுவதா? இது இரக்கமற்ற பேச்சல்லவா?" என்று கேட்கலாம். நாம் எத்தனைக் குஞ்சுகளை வாழ்நாள் முழுதும் பேண முடியுமோ, எத்தனைக்கு நல்ல இல்லங்கள் உறுதியாக உண்டோ, அத்தனை முட்டைகளை மட்டும் காப்போம். எஞ்சியவை பெற்றவற்றுக்கே இரையாகட்டும். அது அவ்வினத்தின் இயல்பு. அதில் குற்றமில்லை என்று முன்னரே கண்டோம். ஆனால் நாமே பொரிக்கவைத்து, நெரிசலில் திணறடித்து, நிறம் மாறவில்லையென்று வாய்க்காலில் கொட்டினால் அது எந்த இயல்பு? அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மீன் அன்று.

மீன் வளர்ப்பே தவறென்று கூறுவதாக எண்ணிவிட வேண்டாம். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர், சிறு பறவையொன்றை வைத்து விளையாடினார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் அப்பறவையைப் பற்றி அன்புடன் விசாரித்தார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அறுபது பயன்களை எடுத்து விளக்கித் தனி ஏடே எழுதினார் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ். துன்புறுத்தாமல் வளர்க்கலாம் என்பதும் உலமாக்கள் இதிலிருந்து எடுத்த சட்டங்களுள் ஒன்று. அனுமதி உண்டு, அனுமதிக்கு நிபந்தனையும் உண்டு. 2005ஆம் ஆண்டில் ரோம் மாநகராட்சி உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதைத் தடைசெய்தது. நமக்குச் சட்டம் வந்துதான் இரக்கம் பிறக்க வேண்டுமா?

மீனோடு முடிவதன்று இது. அனாதைப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வருபவரும், ஏழை மாணவனின் படிப்பை ஏற்பவரும் முதல் நாளில் போற்றப்படுகின்றனர். பத்தாம் ஆண்டில் அப்பிள்ளையின் நிலை என்ன என்பதே அவர்களின் அமானத்துக்குச் சான்று. ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் மீன் கேட்டால் மறுக்க வேண்டாம். முட்டையைப் பிரித்தெடுக்கவும் கற்றுக்கொடுங்கள். அதற்கு முன்னதாக, "எத்தனைக் குஞ்சுகளை உன்னால் வளர்க்க முடியும்?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் எண்ணிக்கைக்குப் போதிய தொட்டியையும் வாங்கி வையுங்கள்.