தானாகப் போகாதது

பவளப்பாறை பெரும்பாலும் ஏழைத் தண்ணீரில்தான் வளரும். பவளப்பாறைகள் செழித்திருக்கும் வெப்பமண்டலக் கடல்கள் அவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணம், அவற்றில் உரச்சத்து மிகக் குறைவு என்பதே. ஒரு லிட்டர் கடல்நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் 0.03 மில்லிகிராமைத் தாண்டாது. சுற்றிலும் இத்தனை வறுமை இருக்க, பாறையில் மட்டும் இத்தனை உயிர்க்கூட்டம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு டார்வினின் முரண் என்றே பெயர். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி, பவளம் கழித்ததை எடுத்துக்கொண்டு, வெயிலில் சர்க்கரை செய்து பவளத்துக்கே தருகிறது. தண்ணீரில் கரைந்து கலையும் சத்தைக் கடற்பஞ்சுகள் உறிஞ்சி, மற்ற உயிர்கள் தின்னும் துகளாக மாற்றுகின்றன என்பதை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே எதுவும் சும்மா கிடப்பதில்லை. இருப்பு சொற்பம், கைமாறும் வேகம் பெரிது. பவளப்பாறையின் செல்வம் அந்த வேகத்தில் இருக்கிறது.

இப்போது அந்தக் கடலில் ஒரு துண்டைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்போம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், குமுளி, வண்டன்மேடு என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எங்கள் எல்லை ஊர்களில் கடல் கண்ணுக்கு எட்டாது. இங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைப்பவர் கடலின் வேலை எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும். இந்தியக் கடலில் பவளத்தை உயிரோடு பிடுங்குவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அவர் வளர்க்கும் துண்டு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே அவர் பொறுப்பு தொடங்குகிறது. பிறகு உப்பின் அளவு, சூடு, வெளிச்சம், அலை. இவை எல்லாவற்றுக்கும் கருவி உண்டு. கடல் செய்கிற வேலைகளில் கண்ணுக்கே தெரியாத ஒன்றுதான் கடைசியில் ஆளைச் சோதிக்கிறது: அப்புறப்படுத்தும் வேலை.

சில மாதங்களில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் வரும். அடுத்துப் பாறையில் பச்சை முடிப்பாசி. சுரண்டி எடுத்தால் அடுத்த வாரமே திரும்ப வரும். டெஸ்ட் கிட்டை எடுத்துத் தண்ணீரைச் சோதித்தால் பாஸ்பேட் பூச்சியம் என்று காட்டும். புதியவர்கள் திகைத்துப் போகும் இடம் இது. தண்ணீரில் இல்லை என்றால் பாசி எதைத் தின்று வளர்கிறது? பாசி தின்றுவிட்டதால்தான் தண்ணீரில் இல்லை. கிட் அளப்பது மிச்சத்தை மட்டுமே. வந்தது எவ்வளவு என்பதைப் பாறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்தது நம் கையால்தான். மீனுக்குப் போடும் தீனியில் பாஸ்பரஸ் இருக்கிறது. குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் கரைந்து வருவதுண்டு. அதனால்தான் விவரமறிந்தவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் மட்டுமே உப்பைக் கரைக்கிறார்கள். தீனியில் நைட்ரஜனும் இருக்கிறது. ஆனால் நைட்ரஜனுக்கு ஒரு வழி உண்டு. பாறையின் உள்ளறைகளில் காற்று எட்டாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். வீட்டுக்காரர் தூங்கும்போதே அது கூரையைத் தாண்டிப் போய்விடும். பாஸ்பரஸுக்கு அப்படி வாயு வடிவம் நடைமுறையில் கிடையாது. ஆவியாகாது, பறக்காது, சிதைந்து வேறொன்றாகாது. உள்ளே வந்த ஒவ்வொரு அணுவும், ஒருவர் கையால் எடுத்து வெளியே கொண்டுபோகும் வரை, அங்கேயே இருக்கும். இந்த ஒரு வேதியியல் உண்மைக்குள் ஒரு வாழ்க்கைப் பாடமே அடங்கியிருப்பதாக நான் நம்புகிறேன்.

அது இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. தொட்டியிலுள்ள பாறையும் மணலும் சுண்ணாம்பால் ஆனவை. தண்ணீரில் பாஸ்பேட் மிகுந்தால் அவை அதைத் தம் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும். தண்ணீர் சுத்தமாகத் தெரியும். பின்னொரு நாள் விழித்துக்கொண்டு தண்ணீரை மாற்றி, தீனியைக் குறைத்து அளவைக் கீழே கொண்டுவந்தால், பாறை தன்னிடம் உள்ளதை மெல்ல விடத் தொடங்கும். இன்று இறக்கியது நாளை ஏறியிருக்கும். இது வாரக்கணக்கில், சில தொட்டிகளில் மாதக்கணக்கில் நீளும். பலர் இந்த இடத்தில் சலித்துத் தொட்டியையே கலைத்துவிடுகிறார்கள். உண்மையில் பாறை பாஸ்பேட்டை விடுகிறது என்றால் வைத்தியம் வேலை செய்கிறது என்றுதான் பொருள். பழையது வெளியே வராமல் எதுவும் தீராது.

பாஸ்பேட்டைப் பிடிக்கத் தொட்டிக்காரர்கள் ஒரு செம்பழுப்புக் குருணையை வாங்குகிறார்கள். இரும்பு ஆக்சைடு அது. தண்ணீர் அதன் வழியே போகும்போது பாஸ்பேட் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். குருணை நிறைந்ததும் மாற்ற வேண்டும்; மாற்றாவிட்டால் அதனால் பயனில்லை. இந்தக் குருணையைப் பார்க்கும் எங்கள் பகுதிக்காரர் யாருக்கும் காலடி மண் நினைவுக்கு வரவேண்டும். பாலக்காட்டின் மேற்கிலிருந்து கடற்கரை வரை வீடு கட்டும் வெட்டுக்கல்லைச் சிவக்க வைப்பதும் இதே இரும்பு ஆக்சைடுதான். பக்கத்து மலப்புறம் மாவட்டத்தின் அங்காடிப்புறத்தில் அந்தக் கல்லைக் கண்டுதான் பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியான தம் பயண நூலில் அதற்கு லாட்டரைட் என்று பெயரிட்டார். நம் செம்மண்ணும் பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும். பயிருக்குக் கொடுக்காமல் பிடித்துவைக்கிறதே என்று விவசாயி மேலும் உரம் போடுவார். ராஜ்பாஸ் என்றும் ஃபேக்டம்பாஸ் என்றும் மூட்டை மூட்டையாகப் பல பத்தாண்டுகள் போட்டாயிற்று. கேரளம் முழுவதும் மண் மாதிரி எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலான மாதிரிகளில் பாஸ்பரஸ் தேவைக்கு மேல் இருப்பது தெரியவந்தது. குருணை நிறைந்துகொண்டே வருகிறது.

நிறைந்த மண் கசியும். அதைவிட முக்கியம், மண்ணே போகும். இடுக்கியின் ஏலத்தோட்டச் சரிவுகளில் பெருமழையில் ஓடும் சிவந்த தண்ணீர், மண்ணோடு ஒட்டிய பாஸ்பேட்டையும் சுமந்தே இறங்குகிறது. நீர்த்தேக்கத்தின் அடியில் அது வண்டலாகப் படியும். அடித்தண்ணீரில் காற்று தீர்ந்துபோகும் காலத்தில் இரும்பு தன் பிடியை விடும்; படிந்திருந்த பாஸ்பேட் மறுபடி கரைந்து மேலே வரும். பாறை தொட்டிக்குச் செய்ததையே வண்டல் ஏரிக்குச் செய்கிறது. ஏரி பச்சையாவதில் பாஸ்பரஸின் பங்கை ஒரு சோதனை காட்டியது. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லரும் அவர் குழுவினரும் 226 என்று எண்ணிட்ட ஒரு சிறிய ஏரியைக் குறுக்கே திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் பல நாடுகளில் சலவைத்தூள் பற்றிய சட்டங்களையே மாற்ற உதவியது.

மலைக்காரர்களுக்கும் பவளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குத் தேக்கடி பதில் சொல்லும். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் அங்கிருந்து சுரங்கம் வழியே கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகையில் சேர்கிறது. அந்த நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதி காடு. காட்டு மண்ணும் ஏழை மண்தான். சத்து மரத்திலும் சருகிலும் சுழன்றுகொண்டே இருப்பதால் ஓடை தெளிவாக ஓடுகிறது. கீழே வர வர வயலும் ஊரும் நகரமும் தங்கள் பங்கைக் கலக்கின்றன. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது. வெள்ளம் மிகுந்த ஆண்டில் மிச்சம் பாக் நீரிணையில் கலக்கிறது. பவளக் கடல் அது. அதற்குத் தெற்கே, 1986இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் அந்தக் கடல் பச்சையானது. நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகித் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தது. மீன்கள் செத்து ஒதுங்கின. அருகிலிருந்த தீவுகளில் பவளங்கள் மூச்சுக்கு வழியின்றி மடிந்ததைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் நீருக்குள் இறங்கிப் பதிவு செய்தார்கள். அந்தப் பச்சையை எந்த ஒரு மலையின் மீதும் ஊரின் மீதும் சுமத்த முடியாது. ஆனால் அளவு மீறிப் பெருகும் உயிர் பவளத்தை எப்படிக் கொல்லும் என்பதைத் தமிழ்க் கடலிலேயே பார்த்துவிட்டோம்.

சேர்ந்ததை எடுத்துச் சுமக்கும் இந்தக் கணக்கை நம் முன்னோர் வேறு பெயரில் அறிந்திருந்தார்கள். கோடையில் ஏரியும் குளமும் வற்றியதும் ஊர் கூடி வண்டல் அள்ளும். வண்டியில் ஏற்றி வயலில் கொட்டும். குடிமராமத்து என்று அதற்கு முறையே இருந்தது. தூர் எடுத்ததில் ஏரி ஆழமானது என்று நாம் படிக்கிறோம். அதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. மழை வயலிலிருந்து எடுத்துப்போய் ஏரியில் வைத்ததை மனிதர் மறுபடி வயலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏரிக்குக் கேடானது வயலுக்கு எருவானது. இன்று ஏரியில் வண்டல் மேடாகிறது. வயலுக்கான பாஸ்பேட்டோ பெருமளவு கடல் கடந்து வருகிறது. உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. ஓர் இடத்தில் சுமையாகக் கிடப்பதையே இன்னோர் இடத்தில் விலைகொடுத்து வாங்குகிறோம். இடையில் நின்றுபோனது சுமக்கும் வேலை ஒன்றுதான்.

தொட்டிக்காரர்களில் பொறுமைசாலிகள் இதே முறைக்கு வந்து சேர்கிறார்கள். பிரதானத் தொட்டிக்குக் கீழே சிறு அறை ஒன்றில் விளக்குப் போட்டுப் பாசியை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். பாறையில் முளைத்தால் பவளத்தை மூடிவிடும் உயிரினம், இங்கே பாஸ்பேட்டைத் தன் உடலாக்கிக்கொள்கிறது. வாரம் ஒரு பிடி அறுத்து வெளியே எடுக்கிறார்கள். நன்றாக அலசி உப்பை நீக்கினால் செடிக்கும் போடலாம். பாசியை எதிரி என்று பார்த்தவரை சுரண்டல் மட்டுமே நடந்தது. சுமந்துபோகும் வண்டி என்று பார்த்ததும் தீர்வு கிடைத்தது.

அவசரப்படுகிறவர்களுக்கு வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. இரும்புக் குருணையை அள்ளிக் கொட்டி ஒரே நாளில் பாஸ்பேட்டை வழித்தெடுத்தால், பவளம் பட்டினியால் வெளுக்கும், சதை உரியும். பாசி ஒழிந்த பாறையில் அதைவிடக் கொடிய நுண்ணுயிர்ப் படலம் பரவுவதும் உண்டு. அதனால் அனுபவசாலிகள் பூச்சியத்தைத் தேடுவதில்லை; லிட்டருக்கு 0.03க்கும் 0.1 மில்லிகிராமுக்கும் இடையில் நிறுத்தி, அங்கேயே ஆடாமல் வைக்கிறார்கள். எலும்புக்கும் மரபணுவுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். அது இல்லாத உயிர் இல்லை. கேடு அந்தப் பொருளில் இல்லை. போகும் வழி அடைபட்ட தேக்கத்தில் இருக்கிறது.

மனிதர்களிடையேயும் இரண்டு வகைப் பாரங்கள் உண்டு. சில துக்கங்கள் நைட்ரஜனைப் போன்றவை. நாளாக நாளாக நாமறியாமலே மேலெழுந்து போய்விடும். காலம் ஆற்றும் என்று பெரியவர்கள் சொன்னது அவற்றைப் பற்றித்தான். ஆனால் ஒருவருக்கு இழைத்த அநீதி, கொடுக்காமல் வைத்த கூலி, கேட்காமல் விட்ட மன்னிப்பு, இவற்றுக்கு ஆவியாகும் வழியே கிடையாது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸுக்காகத் தொடங்கிய அந்தப் பெம்பிளை ஒருமைப் போராட்டத்தைத் திடீர் வெடிப்பு என்று வெளியூர் எழுதியது. தலைமுறைகளாக மலையில் படிந்திருந்தது அன்று கரைந்து வெளியே வந்தது. அதுவரை மலை அமைதியாகத் தெரிந்ததை, பூச்சியம் காட்டிய டெஸ்ட் கிட்டைப் பார்ப்பதுபோல்தான் நாம் பார்த்திருந்தோம்.

ஆகவே வீட்டிலோ ஊரிலோ பழைய குறை ஒன்று மறுபடி மறுபடி தலைதூக்கினால், இன்னுமா என்று சலித்துக்கொள்வதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும்: அதை வெளியே எடுக்க யாராவது எப்போதாவது கை வைத்தார்களா? வைக்கவில்லை என்றால் அது போயிருக்க நியாயமே இல்லை. கை வைத்த பிறகும் வருகிறது என்றால், தொட்டிப் பாறையைப் போல அது தன்னிடம் உள்ளதை இறக்கிவைக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்து எடுக்க வேண்டும். ஒரே நாளில் தீர்த்துவிடுகிறேன் என்று இறங்குவதும் உறவைக் கொல்லும். எடுத்ததை இன்னொருவர் வாசலில் கொட்டுவதும் தீர்வாகாது. கூலி கூலிக்காரரிடமும் நிலம் நிலத்துக்குரியவரிடமும் போய்ச் சேரும்போதுதான் சுழற்சி முழுமையாகும். காலத்துக்குக் கரைக்கத் தெரியும், சுமக்கத் தெரியாது. கரையாததைச் சுமந்து உரிய இடத்தில் சேர்க்கும் வேலையைக் காலத்திடம் ஒப்படைக்க நமக்கு உரிமையில்லை. உள்ளே கொண்டுவந்த கைகளுக்கே அந்த வேலை உரியது.