வெள்ளைச் சுவர்

யாழ்ப்பாணத்துக்குப் போகிற சென்னைக்காரன் கொஞ்சம் கூச்சத்தோடுதான் போக வேண்டும். நம்முடைய சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் ஏற்பட்டது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். பின்னவர் ஏடு தேடி அலைந்து, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். நம் சொத்தை நமக்கே எடுத்துக் கொடுத்தவர். காட்டாங்குளத்தூரில் எலெக்ட்ரிக் ரயிலை விட்டு இறங்கும் காலேஜ் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியுமோ!

அந்த ஊருக்கே ஒரு பல்கலைக்கழக வளாகம் வர 1974 ஆயிற்று. அது திருநெல்வேலியில் இருக்கிறது (ஆம், அங்கேயும் ஒரு திருநெல்வேலி உண்டு). ஆனால் நான் முதலில் போனது பொது நூலகத்துக்கு. பட்டம் வாங்காத ஆளுக்கு அதுதானே பல்கலைக்கழகம்?

அந்தக் கட்டடத்துக்குப் படம் போட்டவர் சென்னை நரசிம்மன். யோசனை சொன்னவர் நம் எஸ். ஆர். ரங்கநாதன். 1959-இல் திறந்தார்கள். 1981-இல் ஓர் இரவு பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் அதற்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போயின. அச்சுப் புத்தகத்துக்கு வேறு பிரதி எங்காவது கிடைக்கும். ஓலைக்கு ஏது?

இப்போது வெள்ளை வெளேரென்று நிற்கிறது, முன்னால் சரஸ்வதி. உள்ளே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். கரிந்த கட்டடத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. எரித்தது எந்த அரசாங்கத்தின் பொலிஸோ, அதே அரசாங்கம் வெள்ளையடித்தால் அது பரிகாரமா, தடயத்தை அழிப்பதா? கேட்க வேண்டிய கேள்விதான்.

பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழக நூலகத்தை 1914-இல் ஜெர்மன் படை எரித்தது. அமெரிக்கப் பணத்தில் புதிதாகக் கட்டியபோது, எரித்தவனின் வெறியைச் சுவரிலே பொறிக்க வேண்டுமென்றார் கட்டடக் கலைஞர். பல்கலைக்கழகத் தலைவர் கூடாது என்றார். பெரிய சண்டை. கடைசியில் பொறிக்காமலே 1928-இல் திறந்தார்கள். 1940-இல் அது மறுபடியும் எரிந்தது. பொறித்திருந்தால் தப்பியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே பலனைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது. சுண்ணாம்பு ஒன்றுதான்; யார் அடிக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். எரித்தவன் அடித்தால் மறைப்பு. இழந்தவன் தன் கையால் அடித்துக்கொண்டால், அது அவன் பிழைக்கிற வழி. குறை சொல்ல நாம் யார்? படிக்க வந்த பெண்ணுக்கு மேசையும் விளக்கும் வேண்டும். கரிச்சுவரின் நிழலில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று அவளை நிர்ப்பந்திப்பது இன்னொரு கொடுமை.

இதை அங்கே ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. “சுவர் கிடக்கட்டும் தம்பி. எரிஞ்ச புத்தகங்களின்ர பேரையெண்டாலும் எழுதி வைக்க வேணுமெல்லோ?” என்றார்.

கரிச்சுவரை விட அந்தப் பட்டியல் கடுமையான சாட்சி. வெள்ளைச் சுவரிலும் அதை மாட்டலாம். படிக்கிற பெண்ணும் தலை நிமிரும்போது பார்த்துக்கொள்ளலாம்.