யாருக்குக் கொடுத்த வாக்கு?

டிசம்பர் 31 நள்ளிரவில், நன்றி வழிபாடு முடிந்து புத்தாண்டுத் திருப்பலி தொடங்குமுன் ஆலயத்தில் நிலவும் அந்தச் சில நிமிட அமைதியில், நம்மில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு தீர்மானத்தை மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம். குடியை விட்டுவிடுவது, பேச்சற்றுப்போன அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிப்பது, நாள்தோறும் விவிலியத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பது என்று எதுவாயினும், அந்நேரத்து உறுதி மெய்யானதே. ஆயினும் பொங்கலுக்குள் அது தளர்ந்துவிடுகிறது. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் முன்னோர் எண்ணிவைத்த வரிசையில் புத்தாண்டு வைராக்கியத்தையும் சேர்த்துவிடலாம் போலும்.

இதை மனவலிமைக் குறைவு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. நாம் வேறொரு வினாவை எழுப்ப விரும்புகிறோம். பிறருக்கு வாக்குக் கொடுத்தால், அதிலிருந்து நம்மை விடுவிக்கும் உரிமை அவருக்கே உண்டு. கடன் கொடுத்தவர் 'போகட்டும்' என்றால்தான் கடன் தீரும். ஆனால் தனக்குத்தானே வாக்குக் கொடுத்தவனின் நிலை என்ன? வாக்கைப் பெற்றவனும் அவன். விடுதலை தர வல்லவனும் அவனே. மனம் சலிக்கிற அதே கணத்தில் மன்னிப்பும் ஆயத்தமாக நிற்கிறது. அப்படியானால், தன் நெஞ்சுக்கு மட்டும் சொல்லிக்கொண்ட தீர்மானம் உண்மையில் எவரையேனும் கட்டுமா?

இவ்வினாவோடு ஆழ்வார்திருநகரிக்கு வருவோம். பொருநையின் தென்கரையில் அமைந்த இவ்வூர், நம்மாழ்வார் பிறந்த பழைய குருகூர். வைணவ மரபு இவ்வூரைப் பற்றிச் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. வழக்கொழிந்துபோன பாசுரங்களைத் தேடி வந்த நாதமுனிகள், இங்குள்ள புளியமரத்தடியில் அமர்ந்து, மதுரகவியாழ்வார் பாடிய சிறியதொரு பாமாலையைப் பன்னீராயிரம் முறை ஓதினார். அதன்பின் நாலாயிரமும் அவருக்குக் கிடைத்தன என்பர். நாதமுனிகளின் ஆவல் எத்தகையது என்பதை விரித்துரைக்காத மரபு, அவர் எத்தனை முறை ஓதினார் என்பதை மறவாமல் வைத்திருக்கிறது. வரலாற்று ஆய்வு இதை எங்ஙனம் மதிப்பிட்டாலும், மரபின் இந்தக் கணக்கு நமக்குப் பிடித்திருக்கிறது.

பின்னாளில் இதே ஊருக்கு வந்த இன்னொருவர் உ. வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த புதிதில், அந்நகரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைக் கேட்டுவிட்டு, இவற்றால் என்ன பயன், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அவ்வினாவின் விடையாகச் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது 1887-இல். அடுத்து அவர் கைக்கொண்டது பத்துப்பாட்டு. நல்ல ஏடு தேடி அலைந்தவர், ஆழ்வார்திருநகரியில் இலக்குமண கவிராயர் வீட்டுச் சுவடிகளை நாட்கணக்கில் புரட்டினார். வேறு ஏடுகள் ஏராளம். தேடியது மட்டும் இல்லை. ஊரில் நம்மாழ்வாரின் திருவீதி உலா நடந்தபோது, சைவ இலக்கியத்தில் ஊறிய அந்தத் தமிழாசிரியர் ஆழ்வாரிடமே தம் குறையை முறையிட்டு நின்றார். அதன்பின் கவிராயர் தம் மாமனார் வீட்டிலிருந்து ஒரு சுவடியைக் கொணர்ந்து தந்தார். பத்துப்பாட்டு! 1889-இல் அந்நூல் அச்சேறியது.

சுவடி தேடியவர் கையால் அகப்படவில்லை. பிறர் கொணர்ந்து தந்தது. அதை அருள் என்றே சொல்வோம். ஆனால் முதல் நாளே மூட்டை கட்டிப் புறப்பட்டவரைத் தேடி எந்தக் கவிராயர் சுவடியோடு வந்திருப்பார்?

இராமசாமி முதலியாரின் வினா ஐயரைச் சுட்டிருக்கக்கூடும். சூடு பட்ட தன்மானம் ஒரு மாதம் உழைக்கும், ஏழாண்டு உழைக்காது. செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளும், பெயர் மட்டுமே எஞ்சிய புலவர்களும், இனி பிறந்து படிக்கவேண்டியவர்களும் அவரிடம் வாக்குப் பெற்றவர்களாக நின்றார்கள். அவர்களுள் எவரும் 'போகட்டும்' என்று சொல்லப்போவதில்லை. தன்னை மெச்சிக்கொள்ளச் செய்யும் தீர்மானத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவு இதுவே எனக் கருதுகிறோம். குடியை விடுவேன் என்பவன் தன் நெஞ்சுக்குச் சொல்வதைவிட, மாலையில் அவன் காலடியோசையைக் கேட்டு அஞ்சும் பிள்ளைக்குச் சொல்வது மேல்.

சாட்சிகள் இருந்தால் போதுமோ என்றால், போதாது. ஏரோதுக்கும் சாட்சிகள் இருந்தனர். விருந்தினர் நிறைந்த மண்டபமே இருந்தது. அவர்கள்முன் இட்ட ஆணையை மீற மனமின்றி, உள்ளம் வருந்தியும், திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டச் செய்தான். சொன்ன சொல் தவறாதவன் அவன்! உயிரே போயினும் மறுதலிக்க மாட்டேன் என்ற பேதுருவோ, கோழி கூவுமுன் மும்முறை சொல் தவறினார். நற்செய்தியில் வாக்கைக் காத்தவன் கொலையாளியானான். வாக்கை மீறியவர் திருச்சபையின் பாறையானார். உறுதியைத் தன்னளவிலேயே அறமென்று போற்றும் நூல்கள் இந்நாளில் மலிந்து கிடக்கின்றன. அவற்றை எழுதுவோர் இவ்விரு பக்கங்களையும் ஒருசேர வைத்துப் படித்தால் நன்று. யாருக்கு நன்மை தரும் உறுதி என்று கேளாமல், அதைக் காக்கும்படி எவரையும் ஏவுவது தகாது.

பேதுரு அழுதார், திரும்பி வந்தார். திரும்பி வருவதற்கும் ஒரு பயிற்சி தேவைப்படுகிறது. புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு மிக எளிய வழி வகுத்துள்ளார். திருத்த விரும்பும் குறை ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளவேண்டும். தவறும்போதெல்லாம், அருகிருப்பவர் அறியாவண்ணம், நெஞ்சில் கைவைத்து வருந்தவேண்டும். நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவுணவுக்குப் பின்னும் எத்தனை முறை தவறினோம் என்பதைக் கோட்டின்மேல் புள்ளிகளாக இடவேண்டும். காலைக் கோட்டை மாலைக் கோட்டோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிடவேண்டும். நாட்டுப்புறத்துப் பால்கணக்குப் போன்றதுதான். ஆனால் பொங்கலன்று வீழ்ந்தவன் அடுத்த சனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்று மாலையே அவனுக்கு ஒரு புதிய கோடு இருக்கிறது.

சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியது 1940 சனவரியில். அப்போது அவருக்கு அகவை எண்பத்துநான்கு. ஆழ்வார்திருநகரியில் ஏடு தேடிய நாட்களும் அதில் இடம்பெற்றன. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, 'என் சரித்திரம்' முற்றுப்பெறாமலே நின்றது.