நூல் ஒன்று, பொருள் சொல்வது யார்?

எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் பாலைவழியில் ஒரு தேர் போய்க்கொண்டிருக்கிறது. எத்தியோப்பிய அரசியின் கருவூலத்தைக் காக்கும் உயர் அதிகாரி ஒருவர், வழிபாட்டை முடித்துக்கொண்டு நாடு திரும்புகிறார். அவர் கையில் ஏசாயா தீர்க்கதரிசியின் நூல். பிலிப்பு என்னும் அடியார் தேரின் அருகே ஓடிவந்து, படிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். சொல்லித் தருவார் இன்றி எவ்வாறு விளங்கும் என்று பணிவோடு கூறி, அவரைத் தேரில் ஏற்றித் தம் அருகே அமர்த்திக்கொள்கிறார் அதிகாரி.

பைபிளில் 'அப்போஸ்தலர் நடபடிகள்' என்னும் பகுதியின் 8-ஆம் அதிகாரத்தில் வருவது இந்நிகழ்ச்சி. அதே பகுதியின் 17-ஆம் அதிகாரத்தில் மற்றொன்று வருகிறது. பெரோயா நகரத்தினர் பவுலின் உபதேசத்தை ஆர்வத்துடன் கேட்கின்றனர். ஆயினும் கேட்டதோடு நின்றுவிடவில்லை. அவர் கூறுவது மறைநூலுக்கு ஒத்ததுதானா என்று நாள்தோறும் தாமே ஆராய்கின்றனர். நூலாசிரியர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நற்பண்பினர் என்று பாராட்டுகிறார்.

வழிகாட்டி இன்றி நூல் விளங்காது என்பதற்குக் கத்தோலிக்கர் முதல் நிகழ்ச்சியைச் சான்று காட்டுவர். சொல்பவர் எவராயினும் நூலைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்பதற்குப் புராட்டஸ்டண்டுகள் இரண்டாவதைக் காட்டுவர். இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையே மேலைக் கிறிஸ்தவ உலகம் ஐந்நூறு ஆண்டுகளாக வழக்காடி வருகிறது. வழக்கு அவர்களுடையது, கேள்வியோ மறைநூலைக் கையில் எடுக்கும் எல்லோருக்கும் உரியது.

வழக்கு பிறந்த வரலாறு

1519-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மார்ட்டின் லூதருக்கும் யோஹான் எக் என்ற கத்தோலிக்க அறிஞருக்கும் வாதம் நிகழ்ந்தது. போப்பாண்டவர் மட்டுமன்று, திருச்சபையின் பொதுச்சங்கமும் தவறக்கூடும் என்று லூதர் அங்கே கூறினார். 1521-இல் வோர்ம்ஸ் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னிலையில், எழுதியவற்றை விலக்கிக்கொள்ளுமாறு அவரைப் பணித்தனர். மறைநூலாலோ தெளிந்த நியாயத்தாலோ தம் தவறு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, மனசாட்சிக்கு மாறாக நடக்க இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். மறு ஆண்டே அவரது ஜெர்மன் மொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் டிரெண்ட் சங்கத்தின் வாயிலாக விடை கூறியது. எழுதப்பட்ட மறைநூலையும் அப்போஸ்தலர் வழிவந்த மரபையும் ஒரே பக்தியுடன் ஏற்க வேண்டும்; திருச்சபை கொண்ட பொருளுக்கு மாறாக எவரும் தம் கருத்துக்கேற்ப மறைநூலை வளைத்தல் கூடாது என்று அது விதித்தது.

நூல் மட்டும் போதுமா?

நூலே தன்னை விளக்கும் என்ற நம்பிக்கைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1529-இல் மார்பர்க் கோட்டையில் லூதரும் ஸ்விஸ் சீர்திருத்தவாதியான ஸ்விங்கிலியும் கூடிப் பேசினர். இருவரும் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்தவர்கள்; இருவரும் ஒரே பைபிளைப் போற்றியவர்கள். பதினைந்து கொள்கைகளில் பதினான்கில் உடன்பட்டனர். கடைசி உணவின்போது அப்பத்தைத் தம் உடல் என்று இயேசு கூறியதன் பொருளில் மட்டும் பிரிந்தனர். உண்மையாகவே உடல் என்றார் லூதர். உடலைக் குறிக்கும் அடையாளம் என்றார் ஸ்விங்கிலி. இருவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல நூலால் இயலவில்லை. ஏனெனில் வழக்கே அந்நூலின் சொல்லைப் பற்றியது.

கத்தோலிக்கர் மேலும் ஒன்று கேட்பர்: எந்தெந்த நூல்கள் பைபிளில் அடங்கும் என்று வரையறுத்தது யார்? கத்தோலிக்கரின் பைபிளில் 73 நூல்கள். புராட்டஸ்டண்டுகளின் பைபிளில் 66. பட்டியலைத் திருச்சபை உண்டாக்கவில்லை, இறைவன் அளித்ததை இனங்கண்டதே அதன் பணி என்பர் புராட்டஸ்டண்டுகள். அவ்வாறாயினும், இனங்காண்பதற்கு ஒரு சமூகம் தேவைப்பட்டது என்பது மறைந்துவிடவில்லை.

திருச்சபை மட்டும் போதுமா?

மறுபக்கமும் எளிதன்று. திருச்சபையை நம்புவது என்று முடிவு செய்பவர் யார்? அம்முடிவை ஒருவர் தம் மனசாட்சியைக் கொண்டே எடுத்தாக வேண்டும். ஆங்கிலிக்கன் குருவாக இருந்து 1845-இல் கத்தோலிக்கரான ஜான் ஹென்றி நியூமன் இதை நன்கு அறிந்திருந்தார். விருந்தில் வாழ்த்துக் கூற நேர்ந்தால் முதலில் மனசாட்சிக்கும் அடுத்துப் போப்பாண்டவருக்கும் வாழ்த்துக் கூறுவேன் என்னும் கருத்தில் 1875-இல் எழுதினார். அந்தத் திருச்சபையே 2019-இல் அவரைப் புனிதராக அறிவித்தது.

இவ்வழக்கு தமிழகத்துக்கும் வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவரோ லுத்தரன் கொள்கைகளை மறுத்து 'வேதவிளக்கம்' இயற்றினார். வழக்கு தீரவில்லை, தமிழ் உரைநடைக்கு ஆக்கம் கிடைத்தது.

தீயில் முடிந்த உறுதி

எல்லா வழக்கும் இவ்வாறு நன்மையில் முடிந்ததில்லை. மிகயேல் செர்வேட்டஸ் என்ற ஸ்பானிய மருத்துவர் திரித்துவக் கொள்கையை மறுத்து எழுதினார். 1553-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் வியன் நகரில் கத்தோலிக்க அதிகாரிகள் அவருக்கு மரண தண்டனை விதித்தனர். அவர் முன்னரே தப்பிவிட்டதால் அவரது உருவப் பொம்மையை எரித்தனர். அக்டோபர் 27 அன்று, கால்வினின் செல்வாக்கில் இருந்த புராட்டஸ்டண்டு ஜெனீவா அவரை உயிரோடு எரித்தது. பொருள் சொல்லும் அதிகாரம் யாருடையது என்பதில் உடன்படாத இரு தரப்பும், மாறுபட்டவரை எரிப்பதில் உடன்பட்டன. அதைத் துணிந்து கண்டித்தவர் செபாஸ்டியன் காஸ்டெல்லியோ. அவரும் ஒரு புராட்டஸ்டண்டே.

தவறு எங்கே நேர்ந்தது? நூலை நம்பியதிலும் அன்று, திருச்சபையை நம்பியதிலும் அன்று. 'இறைவாக்கு தவறாது' என்பதிலிருந்து 'நான் கொண்ட பொருளும் தவறாது' என்பதற்கு ஒருவர் அறியாமலே நகர்ந்துவிடுகிறார். அந்த ஓர் அடியில் பக்தி அகந்தையாகிவிடுகிறது. அவ்வடியைத் தனிமனிதரும் வைக்கக்கூடும். பெரும் சபையும் வைக்கக்கூடும்.

இரு காட்சிகளின் முடிவு

காலம் இரு தரப்பையும் கனிவித்தது. போதிக்கும் அதிகாரம் இறைவாக்குக்கு மேற்பட்டதன்று, அதற்குப் பணி செய்வது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கூறியது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதர் இறைவன்முன் நீதிமான்களாக்கப்படுவது பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. அதிகாரம் பற்றிய வேறுபாடு இன்னும் நீடிக்கிறது. ஆனால் எதிரியாக நின்றவர் உடன் கற்பவராகிவிட்டார்.

தொடக்கத்தில் கண்ட காட்சிகளை முடிவுவரை படித்துப் பார்ப்போம். அதிகாரிக்கு ஞானஸ்நானம் அளித்ததும் பிலிப்பு மறைந்துவிடுகிறார். அதிகாரி மகிழ்ச்சியோடு தம் வழியே செல்கிறார். உண்மையான வழிகாட்டி, மாணவரைத் தம்மோடு கட்டி வைப்பதில்லை. பெரோயா மக்களோ ஆராய்வதற்கு முன் ஆவலோடு செவிசாய்த்தனர். உண்மையான ஆராய்ச்சி, கேட்க மறுக்கும் செருக்கன்று.

சோதனைக்கு அஞ்சாத ஆசானும் போதனைக்கு அஞ்சாத மாணவரும் சந்திக்கும் இடத்தில்தான் நூல் பேசத் தொடங்குகிறது. அடுத்த முறை மறைநூலைத் திறக்கும்போது நம்மையே கேட்டுக்கொள்வோம்: தேரில் இடம்விட்டு அமர்ந்திருக்கிறோமா? நாள்தோறும் ஆராயவும் ஆயத்தமாக இருக்கிறோமா?