இறக்கி வைத்தால் யார் தூக்குவது?

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாங்கிய காசும் கடன். செய்தே ஆகவேண்டிய கடமையும் கடன். நீர்க்கடன், பிதிர்க்கடன் என்று சொல்லும்போது யாரும் பணத்தை நினைப்பதில்லை. ஆனால் கட்ட முடியாமற்போன பணத்தைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அந்த இரண்டாவது பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. கணக்குக்கு முன்னால் மானம் வந்து நிற்கிறது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கனடாவுக்கு வந்த எங்களில் பலர் கடனோடுதான் வந்து இறங்கினோம். ஏஜென்சிக்குக் கட்டிய காசுக்குப் பின்னால் ஒரு மாமியின் தாலிக்கொடி இருந்தது, ஒரு பெரியப்பா ஈடு வைத்த காணி இருந்தது. இங்கே கோப்பை கழுவியும் இரவு வேலை செய்தும் அதைக் கட்டினோம். நாங்கள் கட்டாவிட்டால் அங்கே ஒருத்தியின் கலியாணம் நின்றுபோகும். அந்தக் கடனுக்கு முகம் இருந்தது. பட்டினி கிடந்தாலும் கடனைக் கட்டு என்ற நெறி அப்படித்தான் எங்களுக்குள் ஊறியது. அந்த நெறியில் எனக்குக் குறை தெரியவில்லை. அதை அப்படியே எடுத்துப் பிள்ளைகளின் மாணவர் கடன்மேல் வைப்பது சரியா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவள் என் பெறாமகள். ஒன்ராறியோவில் நான்கு வருடம் படித்து, ஏறக்குறைய 38,000 டொலர் கடனோடு வெளியே வந்தவள். படித்த துறையில் கிடைப்பதெல்லாம் ஆறுமாத ஒப்பந்தங்கள். வாடகை போக மிஞ்சுவது போதாமல், மாதாந்தக் கடன் பணத்தைக் கடனட்டையில் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் முதல் வட்டியே கிடையாது. அதைக் கட்டுவதற்காக இருபது வீதத்துக்குக் கிட்டிய வட்டியில் இன்னொரு கடன்! உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று கேட்டேன்.

"அது ஏமாத்துற மாதிரி இல்லையா சித்தப்பா? வாங்கினது நான்தானே. அப்பா அறிஞ்சா என்ன நினைப்பார்?"

அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. கையெழுத்து வைத்தவள் வாக்குக் கொடுத்தவள். ஆனால் எதற்கு வாக்குக் கொடுத்தாள் என்று பார்க்கவேண்டும். எப்படியாவது, எதை விற்றாவது கட்டுவேன் என்று அவள் சொல்லவில்லை. கனடாவின் மாணவர் கடனுக்கென்று விதிகள் இருக்கின்றன. கட்ட முடியாதவர் என்ன செய்யலாம் என்பதும் அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. மாதத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் திருப்பிச் செலுத்தும் உதவித் திட்டம் இருக்கிறது. தனியாளின் வருட வருமானம் 40,000 டொலருக்குள் இருந்தால் மாதக் கட்டணம் இல்லை; 2022 நவம்பர் வரை இந்த எல்லை 25,000 ஆக இருந்தது. அதற்கு மேல் உழைப்பவரிடமும் குடும்ப வருமானத்தில் பத்து வீதத்துக்கு மேல் கேட்கமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமானத்தைக் காட்டிப் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். படிப்பு முடிந்து 15 வருடமாகியும் நிலைமை மாறாமல் திட்டத்திலேயே இருப்பவருக்கு மிச்சக் கடன் தீர்க்கப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கு அது 10 வருடம்.

ஊரில் தெருவோரம் சுமைதாங்கி இருக்கும். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நாட்டுவார்கள். அதன் உயரத்தைப் பாருங்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கைகொடுக்காமலே இறக்கி வைத்து, இளைப்பாறி, தானே திரும்பத் தூக்கிக்கொண்டு போகலாம். அதில் சுமையை வைத்தவரைப் பார்த்து ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. உதவித் திட்டமும் அப்படித்தான். வருமானம் ஏறினால் சுமை திரும்பவும் தலைக்கு வரும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நான் இலேசாக எடுக்கவில்லை. "நான் இரண்டு வேலை செய்து சதம் மிச்சமில்லாமல் கட்டினேன். இப்போது என் வரியில் மற்றவரின் கடனும் போகவேண்டுமா?" என்று கேட்பவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அரசின் காசு ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல என்பது உண்மை. அதனால்தான் வருமானத்தை ஒளிக்காமல் காட்டுவது இங்கே பெரிய கடமையாகிறது. நன்றாக உழைத்துக்கொண்டு ஒளிப்பவர் மற்றவரின் தலையில் சுமையை ஏற்றுகிறார். இல்லாததை இல்லை என்று சொல்பவர் அதைச் செய்யவில்லை.

கடைசி வழி வங்குரோத்து. அங்கே சட்டத்தின் முகம் கடுமையானது. 1997 வரை மாணவர் கடனும் மற்றக் கடன்களைப் போலவே வங்குரோத்தில் தீர்ந்தது. அந்த வருடம் இரண்டு வருடக் காத்திருப்பு வந்தது; அடுத்த வருடமே அது பத்தானது; 2008 முதல் ஏழு. படிப்பை விட்டு ஏழு வருடமாகாவிட்டால் வங்குரோத்துக்குப் பிறகும் அரசின் மாணவர் கடன் நிற்கும். ஐந்து வருடம் கழிந்தவர் நீதிமன்றம் போகலாம். அங்கே இரண்டு விடயங்களைப் பார்ப்பார்கள்: கடன் விடயத்தில் நேர்மையாக நடந்தாரா, கஷ்டம் இனியும் தொடருமா. சட்டமே நேர்மையைத்தான் கேட்கிறது.

வங்கியில் எடுத்த கல்விக் கடனுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அது சாதாரணக் கடனாகவே தீரும். உதவித் திட்டமும் அதற்கு இல்லை. ஆனால் அந்தப் பத்திரத்தில் பெரும்பாலும் தாயோ தகப்பனோ கூடக் கையெழுத்து வைத்திருப்பார்கள். பிள்ளை வங்குரோத்தானால் வங்கி அவர்களிடம் வரும். சட்டம் இலகுவாக விடும் இந்தக் கடனில்தான் எங்கள் பழைய நெறி முழுதாகப் பொருந்துகிறது. இதற்கு முகம் இருக்கிறது. வீட்டு அடமானம் கட்டிக்கொண்டிருக்கும் அறுபது வயது முகம். ஆகவே கடனைக் கட்டவேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், நான் இறக்கி வைத்தால் யார் தூக்குவது என்று கேட்கவேண்டும் என நினைக்கிறேன். ஒவ்வொரு கடனுக்கும் பதில் வேறாக இருக்கும்.

எந்தக் கடனிலும் எனக்குத் தப்பாகப் படுவது பேசாமல் இருப்பதுதான். கடிதங்களைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால், ஒன்பது மாதமளவில் மத்திய அரசின் கடன் வருமானவரித் திணைக்களத்தின் கைக்குப் போகும். திரும்பிவரும் வரிப்பணத்தைப் பிடிப்பார்கள். நிலுவையைச் சரிசெய்யும்வரை உதவித் திட்டத்தின் கதவும் மூடியிருக்கும். வெட்கத்தால் ஒளிப்பவருக்கும் களவால் ஒளிப்பவருக்கும் வெளியே ஒரே முடிவுதான்.

அந்த வெட்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது நாங்கள். எங்கள் கடன் கதைகளை வெற்றிக் கதைகளாகவே சொல்லிவந்தோம். ஏஜென்சிக் காசு பிந்தியபோது தவணை கேட்டு ஊருக்கு எழுதிய கடிதங்களையும், "ஆறுதலாக அனுப்பு தம்பி" என்று வந்த பதில்களையும் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் வாய் திறந்த பிள்ளை இன்னும் தகப்பனுக்குச் சொல்லவில்லை. அண்ணாவும் அந்த நாளில் தவணை கேட்டு எழுதியவர்தான். அதை அவரே அவளுக்குச் சொன்னால் நல்லது.