வலியைப் பொறுப்பது மட்டுமா ஸபூர்?

கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் அவிநாசியிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களில், வைத்தியம் தேடி வருகிறவர்களும் உண்டு. அவர்களிடையே, முந்தானையால் கன்னத்தை அழுத்திப் பிடித்தபடி இறங்கும் ஒரு சகோதரியை நினைத்துப் பார்ப்போம். ஊரிலிருந்து காந்திபுரம் வர அவருக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு எத்தனை மாதங்கள் ஆயின?

வாயைத் திறந்தால் காதருகே 'டக்'கென்று ஒரு சத்தம். கொட்டாவி விட்டால் தாடை பிடித்துக்கொள்கிறது. ரொட்டியை மெல்ல முடியவில்லை. குர்ஆன் ஷரீப் ஓத உட்கார்ந்தால் அரை ஜுஸ்உ முடிவதற்குள் நோவு தலைக்கு ஏறுகிறது. "பல்லு வலிக்கா இந்தப் பாடு? ஸபூர் செய்யம்மா, அல்லாஹ் கூலி தருவான்" என்கிறார் மாமியார். "வெளியே ஒரு வீக்கமும் தெரியலையே" என்கிறார் கணவர்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நோவைப் பொறுத்துக் கிடப்பதுதான் ஸபூரா? வைத்தியரைத் தேடிப் போவது தவக்குலுக்குக் குறைவா?

முஃமினுக்குத் தைக்கும் முள்கூட அவர் பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்திருக்கிறது. ஐயமில்லை. ஆனால் அந்த நாவாலேயே நாயகம் (ஸல்) அவர்கள், எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்றும் அறிவித்தார்கள்; வைத்தியம் செய்துகொள்ளும்படியும் ஏவினார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவது நேர்மையாகாது.

பொறுமையின் சிகரமான ஐயூப் (அலை) அவர்களும் தம் துன்பத்தைத் தம் இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள் என்று குர்ஆன் கூறுகிறது. ஆகவே, நோகிறது என்று சொல்வது ஸபூருக்கு எதிரானதல்ல.

இன்னொரு ஹதீஸும் நம் சிந்தனைக்குரியது. வலிப்பு நோயால் அவதியுற்ற பெண்மணி ஒருவர், தமக்காக துஆச் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்களிடம் வேண்டினார். பொறுத்தால் சுவனம் உண்டு, விரும்பினால் நலத்துக்காக துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவர் முன்னே வைத்தார்கள். பொறுமையைத் தேர்ந்துகொண்டவர் அந்தப் பெண்மணியே! அல்லாஹ்வின் தூதரே ஒரு பெண்ணின் மீது பொறுமையைத் திணிக்காதிருக்க, மாமியாருக்கும் கணவருக்கும் அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? ஸபூர், நோயாளி தம் விருப்பத்தோடு தரிக்கும் ஆடை. பிறர் நோவின் மீது நாம் போட்டு மூடும் போர்வையல்ல.

சரி, யாரிடம் போவது? காதுத் துளைக்குச் சற்று முன்னால், கீழ்த்தாடை மண்டையோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. அதனுள் மெல்லிய வட்டு ஒன்று உண்டு. அந்த வட்டு இடம் பெயர்ந்தாலும், மெல்லும் தசைகள் இறுகினாலும், நோவு காதுக்கும் நெற்றிப் பொட்டுக்கும் பற்களுக்கும் பரவும். அதனால் காது வைத்தியரிடம் அலைகிறவர்கள் உண்டு. குற்றமற்ற கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, நோவை அப்படியே வைத்திருப்பவர்களும் உண்டு.

இதுபற்றி நம் முன்னோர் அன்றே எச்சரித்தார்கள். குர்துபாவில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில், நோவு நோயாளியை ஏமாற்றி நல்ல பல்லைக் காட்டிவிடும் என்றும், எந்தப் பல் என்று உறுதி செய்யாமல் பிடுங்கலாகாது என்றும் எழுதினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் நிறுவியவரும் டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத் என்ற முஸ்லிமே. பல் வைத்தியத்தை அற்பமென்று எண்ணுவது நம் மரபல்ல.

காயமுற்ற ஒருவருக்காக வைத்தியர் இருவர் வந்தபோது, அவர்களில் தேர்ந்தவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததாக முவத்தாவில் காண்கிறோம். வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால், அவரே பொறுப்பாளி என்பதும் ஹதீஸ். எனவே தாடை மூட்டு நோவுக்கு, பல் மருத்துவத்தில் மேற்படிப்பான எம்.டி.எஸ். முடித்து, வாய் நோயறிதலிலோ முகத்தாடை அறுவை சிகிச்சையிலோ தேர்ந்தவரை நாடுவதே முறை. வசதியற்றவர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. பெண் டாக்டர்களும் இன்று ஏராளம். பர்தாவைக் காரணம் காட்டி நோவை நீட்டிக்க வேண்டியதில்லை. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாய் திறக்க முடியாமற் போவது இன்னொரு நோய். எது எதுவென்று அறிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

கத்தி வைப்பார்களோ என்ற அச்சமும் வேண்டாம். பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, தேவையானால் இரவில் பற்களின் மேல் அணியும் ஒரு தகடு, இவற்றாலேயே குறைந்துவிடும். நோவில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை.

டாக்டர் இன்னொன்றும் கேட்பார்: "ஏதாவது கவலை உண்டா? பல்லைக் கடிக்கிறீர்களா?" மனத்தின் இறுக்கம் தாடையின் இறுக்கமாவதுண்டு. சொல்ல முடியாததை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிய ஒரு பெண்ணிடம், மேலும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்றா நாம் உபதேசிப்பது? அவர் சொல்வதை நம்புவதும், வேலையில் பாதியை வாங்கிக்கொள்வதும், ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவதும் அந்த வைத்தியத்தின் பகுதியே.

ஸபூருக்கு இடமில்லையா என்றால், நிறைய இருக்கிறது. இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதல்ல. வாரங்களும் மாதங்களும் ஆகும். தகட்டைத் தவறாமல் அணிவதிலும், பயிற்சியை விடாமல் செய்வதிலும், முழு ஷிஃபா கிடைக்காவிட்டாலும் முகம் சுளிக்காதிருப்பதிலும்தான் ஸபூர் சோதிக்கப்படுகிறது. வைத்தியரிடம் போகும் பாதையில் கூட வருவது ஸபூர். அந்தப் பாதையை அடைப்பதல்ல.

நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு. நம் வீட்டாரின் உடல்களுக்கும் அப்படியே. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் வைத்திருக்கும் வாசலைத் தட்டுவது மட்டும் நம் கடமை. நோயுற்றோர் அனைவருக்கும் அவன் பூரண சுகத்தையும், நலமாயிருப்போருக்குப் பிறர் நோவை நம்பும் நெஞ்சத்தையும் அருள்வானாக! ஆமீன்.